துக்கம் விசாரிக்க விடாத வீடு

பனீ ஷிஹாப் ரயில் நிலையத்தின் வாசலில் தொடங்கி நைல் கரை வரைக்கும் நேராக ஓடுகிற தெருவுக்கு ஸ்டேஷன் தெரு என்று பெயர். நிலையத்துக்கு முதுகைக் காட்டி நின்று இடது கைப் பக்கம் எண்ணினால் மூன்றாவதாக வருவது வஹ்தான் டவர். பதினொரு மாடி. கண்ணாடி முகப்பு, லிஃப்ட், வாசலில் பளிங்குப் படி எல்லாம் உண்டு. குடியிருக்கத்தான் ஆள் இல்லை. தரைத்தளத்தின் நான்கு கடைகளும் ஷட்டர் இறங்கிக் கிடந்தன. இரண்டாம் மாடியில் மட்டும் விளக்கு எரியும். அது கட்டடத்தின் சொந்தக்காரரான ஹாஜி வஹ்தானின் வீடு.

தெருவில் மற்ற எதற்கும் குறைவில்லை. தானியக்கடை போய்ப் பொரித்த கோழிக்கடை வந்தது. இரண்டு தலைமுறையாகத் துணி கிழித்து விற்ற கடை மருந்துக்கடை ஆனது. தபால் எழுதித் தருகிறவர் உட்கார்ந்திருந்த மூலையில் ஒருவன் செல்போனுக்கு உறை விற்றான். பழைய மரப் பால்கனி வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கி, அவை நின்ற இடத்திலெல்லாம் சிமெண்டுத் தூண் ஏறியது. ஒண்டுவதற்கு ஒரு வாசல்படி கிடைத்தாலும் போதும் என்று ஜனம் அலைந்துகொண்டிருந்த காலம் அது. அந்தக் காலத்தில்தான் வஹ்தான் டவர் இரண்டு வருஷமாக ஈயாடிக்கொண்டு நின்றது.

காரணம் எதிர்ப்புறம் இருந்தது. ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் கையால் சுற்றுகிற கரும்பு ஆலை. வண்டிக்குப் பின்னால் கறுப்பு உடுப்பில் இன்ஷிராஹ்.

டவர் நிற்கிற இடத்தில் முன்பு இரண்டு மாடிச் செங்கல் கட்டடம் இருந்தது. மேலே ரயில் பயணிகள் தங்குகிற விடுதி, கீழே நான்கு கடைகள். முதல் கடையில் இன்ஷிராஹின் புருஷன் தாஹி கரும்புச் சாறு விற்றார். அவருடைய தகப்பனார் விற்ற கடை அது. பக்கத்துக் கடையில் ஜகாரி என்ற கிறிஸ்தவர் கடிகாரம் பழுது பார்த்தார். அடுத்தது நாவிதர் கடை. அதற்கடுத்து ஒரு புகையிலைக்காரர்.

ஹாஜி வஹ்தான் அந்தக் கட்டடத்தை விலைக்கு வாங்கினார். சட்டப்படி பழைய வாடகைக்காரர்களை யாரும் கிளப்ப முடியாது. கட்டடமே விழப்போகிறது என்றால் முடியும். அவர் விடுதியை மூடி, மாடிக் குழாயை ஒரு குளிர்காலம் முழுக்கத் திறந்து விட்டார். சுவருக்குள் தண்ணீர் இறங்குகிற சத்தத்தைத் தன் கடையில் உட்கார்ந்து ஜகாரி கேட்டார். கடிகாரச் சத்தத்தில் வாழ்கிறவருக்கு மற்றச் சத்தம் தனியாகக் கேட்கும். மார்ச் மாதம் சுவர் உப்பி வெடித்தது. ஒரு என்ஜினீயர் வந்து பார்த்து, இடிக்க வேண்டியது என்று எழுதிக் கொடுத்தார்.

அதன்பிறகு வஹ்தான் நான்கு பேரையும் காப்பிக்கடையில் கூட்டி வைத்துப் பேசினார். புதுக் கட்டடம் எழும்பியதும் அவரவர் கடை அவரவருக்கே, அதே வரிசையில், அதே அளவில் என்றார். எல்லோரும் உள்ளங்கையை விரித்து அந்தப் பேச்சுக்குச் சாட்சியாகக் குர்ஆனின் முதல் அத்தியாயமான ஃபாத்திஹாவை ஓதினார்கள். ஜகாரி தன் வழக்கப்படி சிலுவை போட்டுக்கொண்டார். காகிதம் எதுவும் எழுதவில்லை. ஃபாத்திஹா ஓதின வாய் மூடுமுன் ஒருவர் காகிதம் கேட்டால், எதிராளியைப் பொய்யன் என்று சபையில் சொன்ன மாதிரி ஆகும். தாஹி அப்படிக் கேட்கிற பிறவி அல்ல.

டவர் எழும்ப மூன்று வருஷம் பிடித்தது. அதுவரை தாஹி எதிர்ப்புறம் வண்டி போட்டுக் காத்திருந்தார். கட்டி முடிந்ததும் வஹ்தான், அந்தப் பேச்சு பேசின காலத்தில் இரும்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்று கேட்டார். மற்ற மூவரும் கடைக்குப் பதிலாக அவர் கொடுத்த பணத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். தாஹி வாங்கவில்லை. திறப்புவிழா நாளன்று வண்டியை நேராகத் தன் பழைய கடை இருந்த இடத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார். வஹ்தான் பளிங்குப் படியில் நின்றபடி, இதை அப்புறப்படுத்துங்கள் என்று தன் ஆட்களிடம் சொன்னார். அவர்கள் தள்ள, இவர் பிடிக்க, ஜூன் மாத நடுப்பகலில் கால் மணி நேரம் அந்த இழுபறி நடந்தது. கடைசியில் தாஹி வண்டியைத் தானே தள்ளிக்கொண்டு எதிர்ப்புறம் வந்தார். நிழலில் உட்கார்ந்தார். பிறகு எழுந்திருக்கவில்லை.

வெயிலும் இருதயமும் என்று டாக்டர் எழுதினார்.

அடக்கம் முடிந்து வந்த ஆண்கள், துக்கம் விசாரிக்கப் பந்தல் எங்கே என்று பார்த்தார்கள். பந்தல் இல்லை. நாற்காலி இல்லை. ஓதுகிறவரை அழைக்கவில்லை. இன்ஷிராஹ் கதவை உள்ளே தாழிட்டிருந்தாள். அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கொலை விழுந்த வீடு மட்டுமே பழி தீரும்வரை துக்கம் வாங்காது.

வஹ்தான் அன்று மாலை நாலு பெரிய மனிதர்களோடு வந்து கதவைத் தட்டினார். உள்ளேயிருந்து சத்தம் வரவில்லை. தட்டின கையைக் கீழே இறக்கும்போது அவருக்கு விஷயம் புரிந்தது என்று கூட இருந்தவர்கள் பின்னால் சொன்னார்கள்.

தோட்டா இல்லை, கத்தி இல்லை, இது எப்படி ரத்தம் ஆகும் என்று ஊர் ஒரு மாதம் வாதாடியது. வாதம் எப்படிப் போனாலும் வாடகைக்கு ஆள் வரவில்லை. பழி நிலுவையில் இருக்கிற வீட்டுப் படியில் தன் பிள்ளைகளை யார் ஏற விடுவார்கள்? பேசி வைத்திருந்த பல் டாக்டர் முன்பணத்தை விட்டுவிட்டே ஓடினார். வஹ்தான் பால்கனியில் உட்காருவதை நிறுத்தினார். வெள்ளிக்கிழமை தொழுகைக்கு மூன்று மகன்களும் சுற்றி நடக்க, நடுவில் போய் வந்தார்.

தாஹிக்கு மகன் ஒருவன்தான். பெயர் ரிஃபாயி, வயது இருபத்தெட்டு. நாற்பதாம் நாள் அவன் எங்கிருந்தோ ஒரு கைத்துப்பாக்கி வாங்கி வந்தான். இன்ஷிராஹ் அதைக் கையில் வாங்கிப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள்.

"வச்சுக்கோ. ஒங்கிட்ட இருக்குன்னு ஊருக்குத் தெரியணும். ஆனா அவனத் தொடக்கூடாது" என்றாள்.

"பின்ன எதுக்கும்மா இது?"

"தொட்டா ஒரு நிமிசத்துல முடிஞ்சிரும்யா. நீ தொடப்போறே தொடப்போறேன்னு அவன் தெனமும் சாகணும்."

அப்படித்தான் நடந்தது. தினமும் காலை எட்டு மணிக்கு அவள் வண்டி டவருக்கு நேர் எதிரே வந்து நிற்கும். அவள் அந்தக் கட்டடத்தை ஏசினதில்லை, சாபமிட்டதில்லை. ஷட்டர்களைப் பார்ப்பாள், பிறகு வேலையைத் தொடங்குவாள். கரும்பை ஆலையில் கொடுத்து, வெளியே வந்த சக்கையை மடித்து மறுபடி கொடுத்து, மூன்றாம் முறை முறுக்கிக் கொடுப்பாள். சாறு நுரைத்துக்கொண்டு பாத்திரத்தில் விழும். அவள் பிழிந்த சக்கையை ஆடு மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும் என்று தெருவில் சொல்வார்கள்.

ஒருமுறை கெய்ரோவிலிருந்து செல்போன் கம்பெனிக்காரன் ஒருவன் வந்தான். டவரில் ஒரு கடையை டேப் வைத்து அளந்தான், திருப்தியாகத் தலையாட்டினான். தாகத்துக்கு அவளுடைய வண்டிக்கே வந்தான். நல்ல இடம், ஏன் இதெல்லாம் காலியாகக் கிடக்கிறது என்று கேட்டான்.

"எனக்கென்ன தெரியும் மகனே. வீட்டுக்காரர் தங்கமான ஆளு. உசுரோட இருக்குறவரைக்கும் ஒனக்கு ஒரு கொறையும் வராது" என்று சொல்லிவிட்டு அவள் அவனுக்கு இரண்டாவது கிளாஸ் ஊற்றினாள்.

அவன் அதைக் குடித்து முடிக்குமுன் பக்கத்தில் நின்றவர்களிடம் விசாரித்துவிட்டான். மூன்று மணி வண்டியில் ஊர் திரும்பினான். அன்று இன்ஷிராஹ் வீட்டில் முலூக்கியாக் கீரை கடைந்து, முயல் அறுத்துச் சமைத்தாள். ரிஃபாயி இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவினான்.

அவன் சாப்பாடு குறைந்து வெகுநாள் ஆகியிருந்தது. அவனுக்கு நிச்சயம் செய்திருந்த பெண்ணின் தகப்பனார் மோதிரத்தைத் திருப்பி அனுப்பியிருந்தார். இவன் உயிரோடு இருப்பானா, ஜெயிலில் இருப்பானா என்று தெரிந்த பிறகு பேசுவோம் என்று சொல்லி விட்டிருந்தார். காப்பிக்கடையில் அவன் உட்கார்ந்த மேஜையில் வேறு ஆள் உட்காருவதில்லை. ஒரு மோட்டார் சைக்கிள் பின்னால் வேகத்தைக் குறைத்தால் அவன் கை இடுப்புக்குப் போகும்.

இரண்டாம் வருஷம் ஏப்ரல் கடைசியில் பாலைவனக் காற்று ஐந்து நாள் அடித்தது. வானம் மஞ்சளாக இருந்தது. பல்லில் மணல் கடிபட்டது. ஆறாம் நாள் விடிகாலையில், தாயும் மகனும் முற்றத்தில் உட்கார்ந்து அன்றைய கரும்பைச் சீவிக்கொண்டிருந்தார்கள். வாய்க்கால் கரையிலிருந்து வந்த நாலு கட்டு. தோகையை உரித்து, கணுவைச் செதுக்கி, மேல் மெழுகு போகச் சுரண்டித் தண்ணீர்த் தொட்டியில் போட வேண்டும். ரிஃபாயி கத்தியைக் கீழே வைத்தான்.

"அம்மா, ஞாயித்துக்கெழம ஹுர்கதா போறேன். ஓட்டல்ல வேல இருக்கு."

"எத்தன நாளைக்கு?"

"திரும்பி வர்றதா இல்ல."

அவள் சீவுவதை நிறுத்தவில்லை. "நீ போனா அவன் பால்கனியில வந்து உக்காந்துருவான்."

"உக்காரட்டும்."

"ஒங்கப்பா செத்தத மறந்துட்டே."

"அப்பா செத்தாரு. நான் சாகல. அத நீ கவனிச்சியாம்மா? அவன் ரெண்டு வருசமா வீட்டுக்குள்ள கெடக்கான்னு ஒனக்குச் சந்தோசம். நானும் ரெண்டு வருசமா முதுகச் சொவத்துல ஒட்டிக்கிட்டுத்தான் நடக்கேன். அவனச் சுத்தி மூணு மகன் நிக்கான். எனக்குப் பின்னால யாரு நிக்கா?"

"நான் நிக்கேன்."

"நீ எனக்குப் பின்னால நிக்கல. என்னத் தூக்கி முன்னால பிடிச்சிக்கிட்டு நிக்கே."

அவள் கை அப்போதுதான் நின்றது. கத்தி கணுவில் ஏறி நின்றது. அதைப் பிடுங்கி எடுத்து, கரும்பைத் தொட்டியில் போட்டாள். அடுத்த கரும்பை எடுத்தாள். அவன் எழுந்து போன பிறகும் சீவினாள். வெயில் முற்றத்துக்கு வந்தபோது நாலு கட்டும் முடிந்திருந்தது.

ஆண்பிள்ளை ஊரை விட்டுப் போனால் பழி என்ற பேச்சு அன்றோடு செத்துவிடும். கிழவி ஒருத்திக்கு யார் பயப்படுவார்கள்? ஷட்டர்கள் ஏறும். கோழிக்கடைக்காரன் இரண்டாவது கிளை போடுவான். இதையெல்லாம் யோசித்துவிட்டு அவள் அன்று மத்தியானம் ஜகாரிக்கு ஆள் அனுப்பினாள்.

கடிகாரக்கார ஜகாரி இப்போது வீட்டிலேயே வேலை பார்த்தார். வஹ்தானிடம் வாங்கின நஷ்டஈட்டில் மேல் வரிசைப் பல் முழுக்கக் கட்டியிருந்தார். வந்து வண்டிக்கருகே ஒரு பழப்பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். ஹாஜியார் பக்கமிருந்து தூது எட்டு மாதமாகத் தன் வீட்டு வாசலில் காத்துக் கிடக்கிறது என்றார். தரைத்தளத்தின் முதல் கடை, ரிஃபாயி பெயரில், பதிவு செய்த ஒப்பந்தத்தோடு. கூடவே, கொலைப்பழியில் சமாதானம் கேட்கிறவன் செய்கிறபடி, ஹாஜியார் தன் பிணத்துக்குச் சுற்ற வேண்டிய கஃபன் துணியைத் தானே இரண்டு கையில் ஏந்தி வந்து ரிஃபாயியிடம் மன்னிப்புக் கேட்பார். சமாதானக் கமிட்டித் தலைவர் ஷேக் அபுல் ஹஜ்ஜாஜின் வீட்டு முற்றத்தில், நெருங்கின பத்துப் பேர் முன்னால்.

"முற்றமெல்லாம் வேணாம். ஸ்டேஷன் தெருவுல வரட்டும்" என்றாள் இன்ஷிராஹ்.

"உம்மு ரிஃபாயி..." என்று, ரிஃபாயியின் தாய் என்கிற மரியாதைப் பெயரால் இழுத்தார் ஜகாரி.

"பன்னெண்டு மணி கெய்ரோ வண்டி வந்து ஜனம் எறங்குற நேரத்துல. ஸ்டேஷன் வாசல்ல பொறப்பட்டு என் வண்டி வரைக்கும். வெறுங்கால்ல."

ஜகாரி தார் ரோட்டைப் பார்த்தார். "அறுபத்தெட்டு வயசு மனுசன். மே மாசம். இந்த ரோட்டுல அந்நேரத்துக்குக் கழுதையக்கூட ஓட்ட மாட்டாங்கம்மா."

"கழுத மேல எனக்கு என்ன கோவம்?"

அவர் சிரிக்கப் பார்த்து வாயை மூடிக்கொண்டார். பல் கட்டினதிலிருந்து அவர் தெருவில் சிரிப்பதில்லை. சிரித்தால் வஹ்தான் சொத்து வெளியே தெரிகிறது என்பார்.

பதில் வர நாலு நாள் ஆனது. மகன்கள் கூடாது என்றார்களாம். வஹ்தான்தான், நான் ஒருமுறை நடந்து முடித்துவிடுகிறேன், என்னால் இனித் திரைச்சீலைக்குப் பின்னால் உட்கார முடியாது என்றாராம்.

ரிஃபாயி ஊருக்குப் புறப்படுமுன் ஒரு நாள் குறித்தார்கள். அன்று கெய்ரோ ரயில் இருபது நிமிஷம் தாமதம். தெருவின் இரண்டு பக்கமும் ஜனம் நின்றது. கடை மாடிகளில் பெண்கள் நின்றார்கள். ரயில் வந்து ஆட்கள் இறங்கி வாசலுக்கு வந்து, கூட்டத்தைப் பார்த்து, பெட்டிகளோடு அப்படியே நின்றுவிட்டார்கள். அவர்களுக்கு நடுவிலிருந்து ஹாஜி வஹ்தான் வெளியே வந்தார். தலையில் துண்டு இல்லை. காலில் செருப்பு இல்லை. நீட்டின இரண்டு கையிலும் மடித்த வெள்ளைத் துணி. இரண்டு வருஷத்தில் ஆள் பாதியாகியிருந்தார். முதல் பத்தடி நிமிர்ந்து நடந்தார். பிறகு கால் தாங்காமல், சுடுகிற இடத்தைத் தாண்டித் தாண்டி வைக்கிற நடை வந்தது. ஜனங்களில் யாரும் சிரிக்கவில்லை. இன்ஷிராஹ் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டிக்கு முன்னால் ரிஃபாயி நின்றான். வஹ்தான் துணியை நீட்டினார். என் சாவு உன் கையில், உயிரும் உன் கையில் என்கிற வழக்கமான வார்த்தைகளைச் சொன்னார். ரிஃபாயி துணியை வாங்கினான். அவர் தோளில் கை வைத்து, அல்லாஹ்வுக்காக மன்னித்தேன் என்றான்.  தெரு முழுக்க அல்லாஹு அக்பர் என்று தக்பீர் முழங்கியது. ஷேக் ஒப்பந்தத்தைப் படித்தார், இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டார்கள். ரிஃபாயி இடுப்பிலிருந்த துப்பாக்கியை எடுத்து ஷேக்கிடம் கொடுத்தான். அதைக் கொடுத்த பிறகு அவன் நின்ற விதமே மாறிவிட்டது.

இனி ஒன்றுதான் மிச்சம். இன்ஷிராஹ் துக்கம் வாங்கினதற்கு அடையாளமாகக் காப்பி குடிக்க வேண்டும். வஹ்தானின் வீட்டிலிருந்து பெரிய தட்டில் காப்பி வந்தது. ஆண்கள் எடுத்துக் குடித்தார்கள். கடைசிக் கோப்பை அவளிடம் வந்தது. அவள் வாயில் வைத்துவிட்டு எடுத்தாள்.

இனித்தது.

வஹ்தானின் மருமகள்கள் காரியம் முடிந்த சந்தோஷத்தில், நல்ல காரியத்துக்குப் போடுகிற மாதிரி காப்பி போட்டிருந்தார்கள். கடைகளுக்கு ஆள் வரப்போகிறது, புருஷன்மார் தெருவில் நடக்கப்போகிறார்கள் என்கிற நினைப்பில் கை தன்னால் சர்க்கரை டப்பாவுக்குப் போயிருக்கும். துக்க வீட்டில் கசப்புக் காப்பிதான் என்பது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும்.

இன்ஷிராஹ் கோப்பையைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"கல்யாணம் யாருக்கு?" என்று கேட்டாள்.

தட்டு ஏந்தி நின்றவனுக்கு முதலில் விளங்கவில்லை. ஷேக் தன் கோப்பையின் அடியை எட்டிப் பார்த்தார். குடித்து முடித்திருந்தவர்கள் மீசையைத் துடைத்தார்கள்.

"ஒங்களுக்கு அவரு செத்து ரெண்டு வருசம். எனக்கு இன்னைக்குத்தான் செத்திருக்காரு. போயி வேற போட்டுக் கொண்டாங்க. நான் இருக்கேன்."

தட்டு திரும்பிப் போனது. அவள் குடிக்காதவரை விஷயம் முடியாது. முடியாதவரை வஹ்தான் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. மூத்த மகன் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஷேக் கூடாது என்று தலையை ஆட்டினார், அவன் அதைத் தூக்கிக்கொண்டு திரும்பினான். ஒரு மணி வெயில். வஹ்தான் ஒரு காலைத் தூக்கி மறு பாதத்தின்மேல் வைத்தார். பிறகு இதைத் தூக்கி அதன்மேல் வைத்தார். ரயிலில் வந்தவர்கள்கூடப் போகாமல் நின்றார்கள். காப்பி கொதிக்க எவ்வளவு நேரமாகும் என்று தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அது வரவில்லை. பதற்றத்தில் முதலில் வைத்தது பொங்கி அடுப்பில் ஊற்றிவிட்டது என்று பிறகு தெரிந்தது.

"அம்மா, போதும்" என்றான் ரிஃபாயி மெதுவாக.

"காப்பி வரட்டும்யா."

அவன் வண்டிக்குப் பின்னால் போய், காலையில் பிழிந்து போட்டிருந்த ஈரக் கரும்புச் சக்கையை இரண்டு கை நிறைய அள்ளி வந்தான். வஹ்தானின் காலடியில் போட்டான். மறுபடி போய் இன்னொரு அள்ளு கொண்டு வந்து பரப்பினான்.

"இதுல நில்லுங்க ஹாஜியார்."

வஹ்தான் ஏறி நின்றார். கண்ணை மூடிக்கொண்டார். அவர் பாதத்தைச் சுற்றி ஈரம் தாரில் இறங்கி ஆவியானது. கூட்டத்தில் யாரோ ரிஃபாயியை வாழ்த்தினார்கள். ஜகாரி மூக்கைச் சிந்தினார். இன்ஷிராஹ் தன் மகனையும் சக்கையையும் பார்த்தாள். அவள் கையால் மும்முறை முறுக்கிப் பிழிந்த சக்கை. அதில் இவ்வளவு ஈரம் மிச்சம் இருக்கும் என்று அவள் நினைத்திருக்கவில்லை. 

காப்பி வந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு கோப்பை. அவள் அதைச் சுடச்சுட, நிதானமாக, மண்டி வரைக்கும் குடித்தாள். இடையில் இரண்டு தரம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். குடித்து முடித்ததும் வஹ்தானை நேருக்கு நேர் பார்த்தாள். இரண்டு வருஷத்தில் அவரை அவ்வளவு கிட்டத்தில் பார்த்தது அதுதான் முதல் முறை.

"இப்பச் சொல்லுங்க" என்றாள்.

வஹ்தானின் உதடு காய்ந்து ஒட்டியிருந்தது. நாக்கால் நனைத்துக்கொண்டு, துக்கத்தில் எல்லோரும் சொல்கிற வார்த்தையைச் சொன்னார். "அவரு விட்டுட்டுப் போன மிச்ச ஆயுசு ஒங்களுக்குச் சேரட்டும்."

உங்கள் ஆயுசும் நீளட்டும் என்று திருப்பிச் சொல்ல வேண்டும். வேண்டாதவன் வந்து சொன்னாலும் சொல்லியாக வேண்டிய பதில் அது. தெரு காத்திருந்தது. ரிஃபாயி தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சேரட்டும்" என்றாள் இன்ஷிராஹ். அதற்குமேல் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

காலிக் கோப்பையைத் தட்டில் வைக்காமல் அவர் கையிலேயே கொடுத்தாள். கொடுத்ததை அவர் வாங்கிக்கொண்டார். அதை என்ன செய்வது, யாரிடம் நீட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மகன்கள் செருப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். அவர் அதைப் பார்க்கவே இல்லை. கோப்பையை, உள்ளே இருப்பது சிந்திவிடும்போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு தெருவைக் கடந்து, பளிங்குப் படியில் ஏறினார்.